ஆர்கே டாட் சி என்னும் பேரழகு

கம்ப்யூட்டர் புரோகிராமில் பேரழகு உண்டா என்று யாராவது கேட்டால், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் ஆர்கே டிஸ்க் டிரைவரை அவர் கையில் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு ஃபைல். பெயர் ஆர்கே டாட் சி. தலைப்பில் இருக்கும் டிஃபைன் வரிகளையும் சேர்த்து எண்ணினாலும் சுமார் 140 வரிதான் வரும். சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்தால் பந்தி பரிமாறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். ஆனால் படித்த பிறகு அதை விட்டு எழுந்திருக்க மனம் வராது. எனக்கு வரவில்லை. இன்றைக்கும் வேலை அலுப்பாக இருக்கும் இரவுகளில் நான் திறந்து படிப்பது அதைத்தான்.

ஆறாம் பதிப்பு வெளியானது 1975 மே மாதம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியது. கெர்னல் முழுவதும் பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ் அந்த வரிகளுக்கெல்லாம் எண் போட்டு, தன் மாணவர்களுக்காக ஓர் உரையும் எழுதினார். மூல நூலுக்குப் பக்கத்தில் உரையை வைத்துப் படிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதாலோ என்னவோ, அந்தப் புத்தகம் என்னை முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் கெடுபிடியால் பல வருடங்கள் அது ஜெராக்ஸ் பிரதியாகவே உலகம் சுற்றியது. முறையான பதிப்பு 1996-ல்தான் வந்தது. அதில் ஆர்கே டாட் சி இருக்கும் 53, 54-ஆம் தாள்கள்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் அந்த டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம். டிஇசி நிறுவனத்தின் ஆர்கே 05. பதினான்கு அங்குல வட்டத்தகடு ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள். உறையோடு கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். தகட்டுக்கு இரண்டு முகம், 203 சிலிண்டர், ஒவ்வொரு டிராக்கிலும் 12 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 4872 பிளாக், 25 லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கெர்னலும், சி கம்பைலரும், எடிட்டரும் உள்ள ஒரு முழு யூனிக்ஸ் அதிலிருந்துதான் எழுந்து நின்றது. தகடு நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 40 மில்லி செகண்ட். ஹெட் சரியான சிலிண்டருக்கு நகர சராசரியாக 50, வேண்டிய செக்டர் அடியில் வந்து சேர இன்னும் 20. ஆக ஒரு பிளாக்கைப் படிக்க 70 மில்லி செகண்ட் போய்விடும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்தான். அன்று இந்த யூனிக்ஸ் ஓடிய பிடிபி 11/40 மெஷினுக்கோ ஆயிரக்கணக்கான கட்டளைகளைச் செய்து முடிக்கும் நேரம்! அந்த நேரம் வீணாகக் கூடாது என்பதற்காகவே டிரைவரின் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு புரோகிராம் ஃபைலிலிருந்து படிக்கக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் கணக்குப் போட்டுப் பார்த்து, 1000-ஆம் பிளாக் வேண்டும் என்று கண்டுபிடிக்கிறது. நினைவகத்தில் மொத்தமே பதினைந்து பஃபர்தான். அவற்றில் அந்த பிளாக் ஏற்கெனவே இருந்தால் டிஸ்க் பக்கமே போக வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு பஃபரைப் பிடித்து, அதன் தலைப்பில் எந்த டிஸ்க், எந்த பிளாக், படிக்கவா எழுதவா என்று குறித்து, டிரைவரின் ஸ்ட்ராட்டஜி ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. கெர்னலின் பிளாக் டிவைஸ் அட்டவணையில் இந்த டிஸ்க்குக்கான ஓப்பன், குளோஸ் இரண்டு இடங்களிலும் ஒன்றுமே செய்யாத வெற்று ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் செய்யாதே! இந்த மனத்தெளிவுக்கே நான் கைதட்டுவேன்.

ஆர்கே ஸ்ட்ராட்டஜி செய்வது மிகக் கொஞ்சம். பிளாக் எண் 4872-க்கு உட்பட்டதா என்று பார்க்கிறது. பஃபரை வரிசையின் கடைசியில் சேர்க்கிறது. டிஸ்க் சும்மா இருந்தால் வேலையைத் தொடங்கிவைக்கும் ஆர்கே ஸ்டார்ட்டைக் கூப்பிடுகிறது, வேலையாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுகிறது. நம் ஊர் மாவு மில்லில் தூக்குவாளியை வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறோமே, அப்படி. மில்காரர் ஒன்றை முடித்ததும் அடுத்த வாளியைத் தானே எடுத்துக்கொள்வார், நாம் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரே ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. வரிசையில் பஃபரைச் சேர்க்கும்போது பாயின்டர்களை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும். பாதி மாற்றிய நேரத்தில், வேலை முடிந்தது என்று டிஸ்க் அனுப்பும் இன்டரப்ட் வந்து, அதே வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். அதனால் வரிசையைத் தொடுவதற்கு முன் ப்ராசஸரின் முன்னுரிமையை 5-க்கு உயர்த்துகிறார்கள். இந்த டிஸ்க்கின் இன்டரப்ட்டும் அதே 5-ஆம் மட்டம்தான் என்பதால் வாசலிலேயே நிற்கும். ஐந்தாறு வரி கழித்து முன்னுரிமை மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கும். பூட்டு, சாவி, செமஃபோர் என்று எதுவும் கிடையாது. ஒரே ப்ராசஸர் இருந்த காலத்தில் அதற்கு மேல் தேவையும் இல்லை.

இனி என்னை இந்த ஃபைலின் அடிமையாக்கிய வரி. ஆர்கே அட்ர் என்ற ஃபங்ஷன் பிளாக் எண்ணை டிஸ்க் முகவரியாக மாற்றுகிறது. டிஸ்க்குக்கு வெறும் எண் புரியாது. எந்த டிரைவ், எந்த சிலிண்டர், எந்த முகம், எந்த செக்டர் என்று நான்கு விவரம் வேண்டும், நான்கும் ஒரே பதினாறு பிட் ரெஜிஸ்டருக்குள். மேலே மூன்று பிட் டிரைவ், அடுத்த எட்டு சிலிண்டர், அடுத்த ஒன்று முகம், கடைசி நான்கு செக்டர். சாதாரணமாக ஒருவர் எழுதினால் நான்கு கணக்கு போட்டு நான்கு விடையையும் ஒட்டவைப்பார். இங்கே இரண்டே கணக்குதான். பிளாக் எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து ஈவை நான்கு பிட் இடதுபக்கம் தள்ளு. மீதியைப் பக்கத்தில் வை. டிரைவ் எண்ணை மேலே சேர். முடிந்தது.

சிலிண்டரும் முகமும் எங்கே போயின? அந்த ஈவுக்குள்ளேயே இருக்கின்றன! 1000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஈவு 83, மீதி 4. ஒரு சிலிண்டருக்கு இரண்டு முகம் என்பதால் 83-ஆம் டிராக் என்றால் 41-ஆம் சிலிண்டரின் 1-ஆம் முகம். 83-ஐ இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 1010011. கடைசி பிட் 1, அது முகம். முன்னால் உள்ள 101001 என்பது 41, அது சிலிண்டர். நான்கு பிட் தள்ளியதும் இரண்டும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ஹார்டுவேரை வடிவமைத்தவர்கள் முக பிட்டை சிலிண்டருக்கும் செக்டருக்கும் நடுவில் வைத்ததன் பலனை, டிரைவர் எழுதியவர் ஒரு துளி சிந்தாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். தாளில் இதைப் போட்டுப் பார்த்து, எண்கள் சரியாக வந்து விழுந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

அடுத்தது, ஆர்கே ஸ்டார்ட் கூப்பிடும் டெவ்ஸ்டார்ட். இது ஆர்கே ஃபைலில் இல்லை, பக்கத்து பஃபர் ஃபைலில் இருக்கிறது. ஆர்கே, ஆர்எஃப், ஆர்பி என்று மூன்று வகை டிஸ்க்கும் இதையே பயன்படுத்துகின்றன. டிஸ்க் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்கள் நினைவக முகவரிகளாகவே தெரிவதுதான் பிடிபி 11-இன் சிறப்பு. ஆக்டலில் 177400 என்ற முகவரியிலிருந்து ஆறு ரெஜிஸ்டர் வரிசையாக நிற்கின்றன: நிலை, பிழை, கட்டளை, வேர்டு கணக்கு, பஃபர் முகவரி, கடைசியாக டிஸ்க் முகவரி. டெவ்ஸ்டார்ட் கடைசியில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கிறது. முதலில் டிஸ்க் முகவரியை எழுதுகிறது. பாயின்டரை ஒன்று குறைத்து பஃபர் முகவரி. இன்னும் ஒன்று குறைத்து வேர்டு கணக்கு, அது மைனஸ் 256. கன்ட்ரோலர் ஒவ்வொரு வேர்டுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போய், பூஜ்யம் வந்ததும் நின்றுவிடும். இன்னும் ஒன்று குறைத்தால் கட்டளை ரெஜிஸ்டர். அதில் 'கோ' பிட்டோடு கட்டளை விழுந்த அந்த நொடியில் டிஸ்க் வேலையைத் தொடங்குகிறது. கட்டளை கடைசியாகத்தான் போக வேண்டும், ரெஜிஸ்டர்களின் வரிசையும் பின்னோக்கி நடந்தால் அது கடைசியாக வரும்படி அமைந்திருக்கிறது. நான்கே எழுத்து, நான்கும் நினைவகத்தில் எழுதும் சாதாரண எழுத்துதான்.

அத்தோடு மென்பொருளின் வேலை முடிந்தது. கேட்ட ப்ராசஸ் அந்த பஃபரின் முகவரியைப் பிடித்துக்கொண்டு தூங்கப்போகிறது. ப்ராசஸர் வேறு ஒரு ப்ராசஸை ஓட்டப் போய்விடுகிறது. ஹெட் நகர்ந்து, தகடு சுற்றி, 256 வேர்டும் ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்துக்குள் இறங்குகின்றன. இறங்கி முடிந்ததும் இன்டரப்ட். ஆக்டல் 220-ஆம் இடத்தில் எழுதியிருக்கும் முகவரி வழியாக, டிரைவரின் இன்டரப்ட் ஃபங்ஷனான ஆர்கே இன்டர் எழுகிறது.

அதன் முதல் பெரிய கேள்வி: கட்டளை ரெஜிஸ்டர் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா? பிழை பிட், ரெஜிஸ்டரின் உச்சி பிட். பதினாறு பிட் மெஷினில் உச்சி பிட் 1 என்றால் எண் மைனஸ். தனியாக ஒரு பிட்டை எடுத்துச் சோதிக்க வேண்டியதே இல்லை! பிழை என்றால் கன்சோலில் ஒரு வரி அச்சிட்டு, கன்ட்ரோலரை ரீசெட் செய்து, அது தயாராகும் வரை ஒரு சின்னச் சுற்றில் காத்திருக்கிறது. இந்த டிரைவர் கைகட்டிக் காத்திருக்கும் ஒரே இடம் அதுதான். பிறகு அதே வேலையை மறுபடி தொடங்குகிறது. பத்து முறை வரை விடாமல் முயன்று, அதற்கும் மசியாவிட்டால்தான் பஃபரில் பிழைக் குறி போடுகிறது.

எல்லாம் சரியாக நடந்தால் முடிந்த பஃபரை வரிசையிலிருந்து கழற்றி, 'ஆயிற்று' என்று அறிவித்து, தூங்கிய ப்ராசஸை எழுப்பி, கடைசி வரியில் ஆர்கே ஸ்டார்ட்டைக் கூப்பிடுகிறது. வரிசையில் அடுத்தது இருந்தால் அது ஓடும், இல்லாவிட்டால் பேசாமல் திரும்பும். இந்தக் கடைசி வரியால்தான் முழு டிரைவரும் உயிரோடு இருக்கிறது. முதல் தள்ளு மேலிருந்து வருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு முடிவும் அடுத்ததைத் தொடங்கிவைக்கிறது. வரிசை தீரும் வரை டிஸ்க் ஓய்வதில்லை, அதை மேய்க்கத் தனியாக ஒரு ப்ராசஸும் இல்லை.

இன்னொரு பொக்கிஷம் இதில் ஒளிந்திருக்கிறது. எந்த டிஸ்க் என்று குறிக்கும் மைனர் எண் 0 முதல் 7 வரை தனித்தனி டிரைவ். எட்டுக்கு மேலே போனால், பல டிரைவ்களை ஒன்றாகப் பின்னி ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டுகிறது. மைனர் எண் 9 என்றால் இரட்டைப்படை பிளாக்குகள் முதல் டிரைவில், ஒற்றைப்படை பிளாக்குகள் இரண்டாவதில். இன்று ரெய்ட் ஜீரோ என்று நாம் சொல்வது இதைத்தான். அதற்கு ஆன செலவு ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு மீதி!

வரிசை வந்தது வந்தபடி என்பது ஒரு குறை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதே யூனிக்ஸில் பெரிய ஆர்பி டிஸ்க்கின் டிரைவர் சிலிண்டர் வாரியாக அடுக்கி ஹெட்டின் அலைச்சலைக் குறைக்கிறது. ஆனால் முதன்முதலாகப் படிக்கிறவருக்கு அந்த அடுக்கல் பெரிய இடைஞ்சல். நான் ஆர்கே பக்கம்தான்.

பாப் சுப்னிக்கின் சிம்ஹெச் என்ற சிமுலேட்டரில் இந்த யூனிக்ஸை என் லேப்டாப்பிலேயே ஓட்டுகிறேன். ஆர்கே ஸ்டார்ட்டுக்குள் பிளாக் எண்ணை அச்சிடும் ஒரு பிரின்ட்எஃப் வரியைச் சேர்த்து, உள்ளேயே இருக்கும் கம்பைலரில் கெர்னலைக் கட்டி பூட் செய்தேன். திரையில் முதலில் விழுந்த பிளாக் எண் 1, அதுதான் சூப்பர் பிளாக். அடுத்தது 2, ரூட் டைரக்டரியின் ஐநோட் இருக்கும் இடம். புத்தகத்தில் படித்த வரிசையே கண்ணெதிரே எண்ணாக ஓடிய அந்த மகிழ்ச்சியை நீங்களும் அனுபவிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்குத் தடை ஏதும் இல்லை. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் இந்தப் பழைய யூனிக்ஸ்களின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. சிம்ஹெச் இலவசம். சி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். கூட்டிச் சேர்க்கும் குறிகள் அந்தக் காலத்தில் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும், அது பழகிவிடும். ஆர்கே அட்ர் ஃபங்ஷனிலிருந்து தொடங்குங்கள். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து, பிடித்த ஒரு பிளாக் எண்ணை எழுதி, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்.