கோரைப்பாய்

கட்டிலும் மெத்தையும் வந்தபின் கோரைப்பாய் பரணுக்குப் போய்விட்டது. சித்திரை மதியத்தில் அதை இறக்கி, தரையில் உதறி விரித்துப் பாருங்கள். சரசரவென்று ஒரு சத்தம், கூடவே காய்ந்த புல்லின் வாசனை. படுத்தால் முதுகு கசகசப்பதில்லை. இழைகளின் இடுக்கில் காற்று நுழைந்துகொள்கிறது. எழும்போது முழங்கையிலும் கன்னத்திலும் வரிவரியாகத் தடம் பதிந்திருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வேலையின் பொறுமையைக் காணலாம். ஆற்றங்கரையில் வளரும் கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்துகிறார்கள். பட்டுப்பாய் எனப்படும் மெல்லிய பாய்க்கு அதை இன்னும் மெலிதாகக் கிழிக்க வேண்டும். பருத்தி நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து, நெருக்கி அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் இழை ஒடிந்துவிடும். அப்படி நெய்த பாயைத் தடவினால் துணியைத் தொட்ட மாதிரி விரல் வழுக்குகிறது. துணிபோலவே மடங்கவும் செய்கிறது. ஆற்றங்கரைப் புல்லிலிருந்து இந்த மென்மையை எடுப்பது பெரிய கைத்திறன்தான்.

பாய்க்கு ஈரம் மட்டும் ஆகாது. சுருட்டி நிறுத்தி, அவ்வப்போது வெயில் காட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும். அடுத்தமுறை பிளாஸ்டிக் பாய் வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் கோரைப்பாய் இருக்கிறதா என்று கேளுங்கள்.