உங்க சைஸுக்கு புல்லட்தான் சரியா?

ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. இப்படி ஒருவர் "பைக் கத்துக்கணும், எதை வாங்கலாம்?" என்று கேட்டால் டீக்கடை முதல் யூட்யூப் வரை கிடைப்பது ஒரே பதில்தான்: "உங்க சைஸுக்கு புல்லட்தான் சார்." இந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பைக்கில் உட்கார்ந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்பது ஒரு கேள்வி. உட்கார்ந்து ஓட்ட எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. நம்ம ரிவ்யூக்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்கும் சேர்த்து மார்க் போட்டுவிடுகின்றன.

கம்பெனிகள் தரும் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், கிளாசிக் 350-ல் 805. வித்தியாசம் 2 சென்டிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலம். எடையோ 112 கிலோவிலிருந்து 195 கிலோவுக்குப் போகிறது. 83 கிலோ கூடுதல் இரும்பு. உயரம் கூடியது ஒரு விரல்!

அந்த சீட் உயரமும் தரையிலிருந்து அளந்தது. நெட்டையானவருக்குத் தரை பிரச்சினையே இல்லை, கால் எப்படியும் எட்டும். அவருக்குத் தேவை சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம். அது குறைந்தால் முட்டி மடங்கி மேலே ஏறும், ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது இடிக்கும். எட்டு போடும் இடத்தில் இது நன்றாகவே தெரியும். இவ்வளவு முக்கியமான இந்த அளவு எந்த பிரோஷரிலும் என் கண்ணில் பட்டதில்லை. ரிவ்யூ செய்பவர்களாவது டேப் எடுத்து அளந்து சொல்லலாம். சொல்வதில்லை.

அடுத்தது எடை. "ஆள் பலசாலி, தாங்கிடுவார்" என்பார்கள். பழகுபவர் பைக்கைக் கீழே போடுவது பெரும்பாலும் நடை வேகத்தில்தான்: யூ-டர்ன், சரளைக் கல், சிக்னலில் தவறி வைத்த கால். இதற்கு பிஇ முதல் வருட மெக்கானிக்ஸே போதும். சாயும் வண்டியைத் தாங்கத் தேவையான விசை அதன் எடையோடும் சாய்வோடும் சேர்ந்து ஏறும். ஒரு கோணம் தாண்டினால் எந்தப் பலசாலியும் கையை விட வேண்டியதுதான். எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 158 கிலோ. கிளாசிக்கோடு ஒப்பிட்டால் 37 கிலோ குறைவு. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரையை இறக்கி வைத்த மாதிரி.

"இழுவை வேணுமே?" நியாயமான கேள்வி. 110 கிலோ ஆளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு டன்னுக்கு ஸ்ப்ளெண்டர் 36 குதிரைத்திறன்; திணறும். கிளாசிக் 66-ஐ ஒட்டி, எக்ஸ்பல்ஸ் 70-ஐ ஒட்டி. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் புல்லட் தரப்புக்கு இங்கே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். எக்ஸ்பல்ஸில் சுமார் 17தான், அதுவும் 6500-ல். கிளட்சைச் சரியாக விடத் தெரியாத கைக்கு புல்லட் அவ்வளவு சுலபமாக ஆஃப் ஆகாது. எக்ஸ்பல்ஸின் ஒல்லி சீட்டில் கனமானவர் நெடுந்தூரம் உட்காருவதும் சிரமம். இதையெல்லாம் சொல்லி புல்லட்டை வாங்கச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். "கெத்தா இருக்கும்" என்று சொன்னால் எப்படி?

பிரிட்டனில் பழகுநருக்கு 125 சிசி, 11 கிலோவாட் என்று சட்டமே வரம்பு போடுகிறது. இங்கே 18 வயதும் எல்எல்ஆரும் இருந்தால் எந்த பைக்கிலும் ஏறலாம். அதனால் ஆலோசனை சொல்பவரின் பொறுப்பு இங்கே இன்னும் அதிகம். தப்பான பைக்கைக் கைகாட்டி, அது இரண்டு தடவை கீழே விழுந்தால், "என் உடம்புக்கு பைக் ஒத்து வராது" என்று அவரே முடிவு கட்டிவிடுவார். ஒத்து வராதது உடம்பு இல்லை, அந்தத் தேர்வு.

என் முடிவு இதுதான்: முதல் ஆறு மாதத்துக்கு 150 முதல் 200 சிசிக்குள், 160 கிலோவைத் தாண்டாத, உயரமான, செகண்ட் ஹேண்ட் வண்டி. புல்லட் எங்கேயும் ஓடிப்போகாது.

ஷோரூமோ கன்சல்டிங்கோ, போனால் செய்ய வேண்டியவை:

1. இன்ச் டேப்பால் சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை அளங்கள். நான்கு வண்டிகளை ஒப்பிட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

2. கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து (யாராவது பிடித்துக்கொள்ளட்டும்) ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். முட்டியில் இடித்தால் வேண்டாம்.

3. தினமும் போடும் ஷூவோடு போங்கள். கியர் லீவருக்கு அடியில் உங்கள் பெரிய பாதம் நுழைகிறதா பாருங்கள்.

4. பின் டயரில் 49P என்பது மாதிரி எழுதியிருக்கும். 49 என்றால் அந்த டயர் 185 கிலோ தாங்கும், 57 என்றால் 230. பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் எடையையும், வண்டி எடையில் பின் சக்கரத்தின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேனுவலில் உள்ள மொத்தச் சுமை வரம்பையும் பார்த்துவிடுங்கள்.

5. வாங்கியதும் பின் ஷாக் அப்சார்பரை இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். கனமானவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கினால் முன் சக்கரம் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

இதற்கு மொத்தம் பத்து நிமிடம்தான் ஆகும். அளந்து பார்த்த பிறகும் புல்லட்தான் பொருந்துகிறது என்றால் தாராளமாக அதையே வாங்குங்கள்.