பள்ளியும் கல்லூரியும் ஒரே பையில்

போன ஜூன் மாதம் என் மகள் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை பட்டமளிப்பு அங்கி போட்டாள். ஒன்று உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கு, இன்னொன்று ஈராண்டு அசோசியேட் பட்டத்துக்கு. வயது 18! இரண்டு முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கை தட்டினேன்.

இவ்வளவும் 'ரன்னிங் ஸ்டார்ட்' தந்த வரம். வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 1990இல் கொண்டுவந்த அருமையான திட்டம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சமுதாயக் கல்லூரியில் போய்ப் படிக்கலாம். டியூஷன் கட்டணம் கிடையாது. புத்தகம், சில சிறு கட்டணங்கள், போய்வரும் செலவு மட்டும் நம்முடையது. கல்லூரியில் 5 கிரெடிட் பாடம் ஒன்றை முடித்தால், பள்ளிக் கணக்கிலும் முழுதாக ஒரு கிரெடிட் ஏறும். ஒரு காலாண்டுப் பருவத்துக்கு 15 கிரெடிட், வருஷத்துக்கு மூன்று பருவம் என்று படித்தால் இரண்டு வருஷத்தில் 90. அசோசியேட் பட்டத்துக்கு வேண்டியதும் அதே 90தான்!

பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்களில் கல்லூரி கிரெடிட் கிடைக்குமா என்பது மே மாதத் தேர்வு ஒன்றைப் பொறுத்தது. ரன்னிங் ஸ்டார்ட்டில் அப்படியில்லை; கட்டுரை, ஆய்வகம், தேர்வு என்று பருவம் முழுக்க உழைத்ததெல்லாம் கணக்கில் வரும்.

பெல்வியூ கல்லூரியில் அவளுடைய முதல் ஆங்கில வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு குழந்தைகளின் அம்மா. இரவு வேலை முடித்து நேராக வகுப்புக்கு வந்தவரும் இருந்தார். அவர்களோடு சேர்ந்து விவாதித்து, எழுதியதைத் திருத்திக்கொண்டு வளர்ந்தாள் என் பெண்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரம் அந்த மாணவருக்கே உரியது. பதினாறு வயதானாலும் சரி. அவள் சம்மதம் இல்லாமல் பேராசிரியர் என்னிடம் பேச மாட்டார். முதலில் தவித்துப்போனேன். ஆனால் இரண்டாம் பருவத்தில் கணக்கில் தடுமாறியபோது, நான் சொல்லாமலே பேராசிரியர் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்டுத் தேறினாள். அந்தத் துணிச்சலுக்கு எத்தனை கிரெடிட் கொடுத்தாலும் தகும்!

உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பா? இன்றே பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். கல்லூரி மதிப்பெண் என்றைக்கும் பதிவில் நிற்கும்; அதனால் பிள்ளைக்கு மனமிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். மனமிருந்தால் தயங்கவே தயங்காதீர்கள்.