நகையும் பொருளும்: மலையகச் சிறுவர்க்குரிய நூல்கள்

அமரசக்தி என்னும் மன்னனுக்கு மைந்தர் மூவர் இருந்தனர். மூவரும் கல்வியிற் கசப்புடையோர். ஆறு திங்களில் அவர்களை அறிவுடையோர் ஆக்குவதாக விஷ்ணுசர்மர் உறுதி கூறினார் என்பது பஞ்சதந்திரத்தின் தோற்றுவாய். அவர் சூத்திரங்களை நெட்டுருச் செய்விக்கவில்லை; சிங்கம், எருது, காகம், ஆமை ஆகியவற்றின் கதைகளைச் சொன்னார். அக்கதைகள் புகட்டுவன யாவும் அறமே என்று கருதுதல் பொருந்தாது. நண்பரைப் பிரிக்கும் நரியின் சூழ்ச்சியும் அவற்றுள் இடம்பெறுகின்றது. உலகியலை உள்ளவாறு காட்டும் அத்துணிவே அந்நூலை நெடுங்காலம் வாழவைத்தது எனலாம். தமிழிலோ, உரைநடையின் வகைகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், பொருளொடு சேர்ந்த நகைமொழியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நகையும் பொருளும் ஒன்றையொன்று பிரியாது நிற்றல் வேண்டும் என்பதைச் சிறுவர் நூலுக்கு உரைகல்லாகக் கொள்வதில் தவறில்லை.

இவ்வுரைகல்லைக் கொண்டு இராகலைப் பகுதியின் தோட்டப் பாடசாலையொன்றில் மாணவன் கையில் வைக்கத்தக்க நூல்கள் யாவை என ஆராயுமிடத்து, வினா எளிதாயினும் விடை எளிதன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரையில் ஒரு காலத்திற் சிற்றிரயில் ஓடிற்று. 1940களில் அது நின்றுபோயிற்று. தேயிலை மலைச்சரிவு, பனிமூட்டம், மரக்கறித் தோட்டம், அட்டை, சிறுத்தைப்புலியின் அடிச்சுவடு, விடியற்காலைப் பெரட்டுக்கு விரையும் தாயர், பிள்ளைமடுவத்தில் விடப்படும் தம்பி தங்கையர் என இவையே அங்குள்ள சிறுவனது உலகம். அவன் கையிற் கிடைக்கும் தமிழ் நூலிலோ பனந்தோப்பும் கடற்கரையும் நெல்வயலும் நிரம்பியிருக்கின்றன. அவை அவனுக்கு வேண்டாதன அல்ல; காணாத உலகைக் காட்டுதலும் நூலின் கடமையே. ஆனால் கண்ட உலகை ஒருபோதும் நூலிற் காணாத சிறுவன், எழுதப்படுதற்குரிய தகுதி தன் வாழ்வுக்கு இல்லை என எண்ணத் தலைப்படுவான்.

ஈழத்துச் சிறுவர் நூலின் வரலாற்றை ஆறுமுக நாவலரின் பாலபாடங்களிலிருந்து தொடங்குதல் மரபு. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அப்பெரியார், மாணவர்க்கென அவற்றை எழுதினார். நான்காம் பாலபாடத்திற் கொலை, களவு, கள்ளுண்ணல் என்பன தனித்தனித் தலைப்புகள். தெளிவும் திட்பமும் வாய்ந்த அவ்வுரைநடைக்கு நிகர் அரிது. எனினும் நகைச்சுவையை அதில் தேடுதல் முறையன்று. அது கற்பிக்க எழுந்ததேயன்றிக் களிப்பிக்க எழுந்ததன்று. நகை வந்து சேர்ந்தது நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் காலத்திலாம். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த புலவர், கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிப் பாடிய பாட்டு இதற்குச் சிறந்த சான்று. கூலி பெறாது காவல் நிற்கும் சேவகன் என அப்பொம்மையை விளித்து, அதன் கோலத்தை ஒவ்வொன்றாகக் காட்டி, குழந்தையைச் சிரிக்கவைத்து, ஈற்றில் இத்தகைய வெருளிகள் மாந்தரிடையிலும் உளர் என ஒரு குத்துக் குத்துகின்றார். சிரிப்பு அடங்குமுன்னரே பொருள் உள்ளே சென்றுவிடுகின்றது. ஆடிப்பிறப்பைப் பற்றிய அவரது பாட்டோ யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்துக்கே உரியது. மலைநாட்டுச் சிறுவன் அதை ஆசிரியரின் விளக்கத்தோடு சுவைப்பான். வெருளியை விளக்கமின்றியே சுவைப்பான். தோட்டத்து மரக்கறிப் பாத்தியிலும் அவன் அதனைக் கண்டிருக்கின்றான்.

தமிழகத்திலிருந்து வந்தவற்றுள் 1947இல் தோன்றிய அம்புலிமாமாவும், அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் ஈழத்திலும் நன்கு அறியப்பட்டவை. வள்ளியப்பாவின் பாடல்களில் ஓசை நயமே தலைமை பெற்று நிற்கின்றது. நீதி பின்னாலே அமைதியாக நடந்து வருகின்றது. இம்முறைமை பின்வந்தோர் பலரிடம் தலைகீழாயிற்று. நரி ஏமாற்றியது, நரி அகப்பட்டது, ஆகவே ஏமாற்றாதே என முடியும் கதைகள் பெருகின. வால் இல்லாத விலங்குக்கு வைக்கோலால் வால் கட்டியது போன்று ஒவ்வொரு கதையின் இறுதியிலும் ஒரு நீதிவாக்கியம் தொங்குகின்றது. சிறுவர் அவ்வாலைப் படிப்பதில்லை என்பதைப் பாடசாலையிற் கதை படித்துக் காட்டிய ஆசிரியர் எவரும் அறிவர்.

மலையகச் சிறுவர்க்கெனவே புனையப்படும் கதைகளிற் காணப்படும் குறை இதனினும் பெரிது. ஏழைத் தொழிலாளியின் மகன் ஊக்கத்துடன் கற்கின்றான், பரீட்சையிற் சித்தியடைகின்றான், உத்தியோகம் பெற்று, லயத்தை விட்டு நகருக்குச் செல்கின்றான், தாய் ஆனந்தக் கண்ணீர் சொரிகின்றாள். இக்கதையின் நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தினாற் கூறுபடுத்தப்பட்ட ஒரு சமுதாயத்துக்குக் கல்வியே ஊன்றுகோலாயிற்று என்பதும் மெய். ஆயின் அக்கதை சொல்லாமற் சொல்லும் பாடம் யாது? தாய் சுமக்கும் கொழுந்துக் கூடை இழிந்தது, அதனினின்றும் தப்புவதே வெற்றி என்பதன்றோ? பத்து வயதுப் பிள்ளை இதனைப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பித் தாயின் கறைபடிந்த விரல்களை எவ்வாறு நோக்கும்? பிள்ளையை உயர்த்த எண்ணி, பிள்ளை அன்பு செலுத்தும் மனிதரைத் தாழ்த்தும் கதை, அதன் கருத்து எத்துணைத் தூயதாயினும், நற்கதை ஆகாது. படிப்பு வேண்டும் என்பதைத் தாயின் தொழிலை இகழாமலே சொல்ல இயலும். இரண்டிலைக்கும் ஓர் அரும்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் இமைக்குமுன் கண்டு கிள்ளும் திறனும் ஓர் அறிவு எனக் காட்டும் கதையொன்று, நூறு அறிவுரைகளைவிடப் பயன் தரும்.

அண்மைக்காலத்துத் தமிழகச் சிறுவர் இலக்கியம் இவ்வகையில் நம்பிக்கை அளிக்கின்றது. இந்திய சாகித்திய அக்காதெமி 2010 முதல் வழங்கிவரும் பாலசாகித்திய விருதைத் தமிழிற் பெற்ற நூல்களுள் இரண்டு இங்கே குறிக்கத்தக்கன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் அவ்விருதைப் பெற்றது. பெரியோர் கூடப் பேசக் கூசும் பொருள், குழந்தையின் உடல்மீது தகாதவாறு நீளும் கை, அதன் கரு. அதனை அறிவுரையாக்காது, பேசும் மரப்பாச்சிப் பொம்மையின் துணையால் ஒரு சிறுமி அச்சம் நீங்கி உண்மையை வெளியிடும் கதையாக்கியமை ஆசிரியரின் நுண்ணறிவு. சிற்சில இடங்களிற் பொம்மையின் வாய்வழி ஆசிரியரே பேசுவது போல் தோன்றினும், விளையாட்டுப் பொருளே காவலாகும் கற்பனை அக்குறையை மறைத்துவிடுகின்றது. தாயும் தந்தையும் மலையேறிய பின் தனித்திருக்கும் லயத்துப் பிள்ளைகட்கு இந்நூல் மிக வேண்டப்படுவது. 2023இல் விருதுபெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் தொன்மையை நோக்கிச் சிறுவனை அழைத்துச் செல்வது. இராகலைக்கும் கீழடிக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு வந்தோரின் வழித்தோன்றலே இம்மலைகளின் மக்கள். கீழடியோ அவ்வைகைக் கரையிலே உள்ளது. தன் முன்னோர் கூலிக்கு வந்த நாளிலிருந்தே தன் வரலாறு தொடங்குவதாகக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அதற்கும் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு நகரத்துப் பொம்மையைக் கையில் தருவது சிறிய செயலன்று.

இந்நூல்கள் மலையேறி வருவது எங்ஙனம் என்பது வேறு சிக்கல். கடலைத் தாண்டும் நூலின் விலையைத் தோட்டத் தொழிலாளி தாங்குதல் அரிது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் ஏடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலோ தமிழ்ப் படக்கதைகளை எவரும் படிக்கலாம், அச்சிடலாம், உரிய குறிப்புடன் மாற்றி எழுதவும் செய்யலாம். மாற்றி எழுதும் இவ்வுரிமையே ஆசிரியர்க்குப் பெருவரம். தரம் ஒருபடித்தாக இல்லை. மொழிபெயர்ப்பின் மணம் வீசுவனவும் உள. தேர்ந்து கொள்ளுதல் ஆசிரியரின் பொறுப்பாகின்றது.

அயலிலே இருந்தும் அதிகம் நோக்கப்படாத ஒரு செல்வம் சிங்களத்தில் உண்டு. சிபில் வெத்தசிங்க அம்மையார் 1956இல் எழுதி, தாமே படமும் தீட்டிய ‘குட ஹொரா’, அதாவது குடைக் கள்ளன், பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. குடையையே காணாத சிற்றூர். மழை வந்தால் வாழையிலையும் சாக்கும் பாயுமே தலைக்கு மறைப்பு. கிரி மாமா நகருக்குச் சென்று குடை வாங்கி வருகின்றார். வழியிற் கோப்பிக் கடையில் இளைப்பாறும்போது குடை மறைகின்றது. மறுபடியும் வாங்குகின்றார், மறுபடியும் மறைகின்றது. ஈற்றிற் குடைக்குள் காகிதத் துணுக்குகளை இட்டு வைத்து, அவை சிந்திய வழியே காட்டுக்குள் சென்று பார்த்தால், மரத்திற் குடைகள் தொங்குகின்றன. கள்ளன் ஒரு குரங்கு. மாமா குடைகளை எடுத்துக்கொண்டு ஊரிற் கடை வைக்கின்றார். கள்ளனுக்கென ஒரு குடையை மட்டும் மரத்திலே விட்டுவருகின்றார். களவு தீது என்று நூலில் எங்கும் சொல்லப்படவில்லை. பிழை செய்தவனுக்கும் மழை நனைக்கும் என்பதை அவ்வொற்றைக் குடை சொல்லிவிடுகின்றது. நாவலர் ஒரு தலைப்பின் கீழ் நிறுவிய பொருளை இவ்வம்மையார் ஒரு படத்தால் நிறுவுகின்றார். இரண்டும் வேண்டுவனவே, ஆயினும் ஏழு வயதுக்கு ஏற்றது பின்னது.

இக்கதையை இராகலைப் பிள்ளைக்குத் தமிழிற் சொல்லப் புகுவோர் அகராதியைப் புரட்டுவதினும் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பைப் புரட்டுதல் நலம். தோட்டத்து மக்களின் வாய்மொழிச் செல்வம் அங்கே கிடக்கின்றது. கொட்டும் மழையிற் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் தலையிற் போர்த்துவது கொங்காணி. இடையிற் கட்டுவது படங்கு. கிரி மாமாவின் ஊரார் தலையில் இட்ட சாக்கைக் ‘கொங்காணி’ என்று ஆசிரியர் படித்த மாத்திரத்தில், வகுப்பிலுள்ள பிள்ளைகள் அக்குடையில்லாத ஊரைத் தம் ஊராகக் கண்டுகொள்வர்.