மேகாங் கழிமுகம்: ஒரு பகலா, இரண்டு இரவுகளா?

வியட்நாம் சுற்றுலா முகவர்களின் அட்டவணையில் மேகாங் கழிமுகத்துக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் ஹோ சி மின் நகரத்தில் பேருந்து ஏற வேண்டும், இருட்டும் முன் திரும்பிவிடலாம். நடுவே மி தோ, பென் ட்ரே, ஆற்றுத் தீவுகள், தேங்காய் மிட்டாய் செய்யும் பட்டறை, தேன் கலந்த தேநீர், நிப்பா பனை அடர்ந்த ஓடையில் ஒரு தோணிச் சவாரி. 2023இல் திருச்சியிலிருந்து அந்த நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு, நம் பக்கத்தில் பலரும் கேட்பது இதைத்தான்: ஒரு நாள் போதுமா?

போதாது என்பதே என் முடிவு. ஆனாலும் அந்த ஒரு நாள் பயணத்தின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மி தோ சுமார் 70 கிலோமீட்டர்தான். 2010இல் திறந்த விரைவுச்சாலையில் அலுப்பில்லாமல் போய் வரலாம். வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஊருக்கு ஊர் அறை மாற்ற வேண்டியதில்லை. மொழி தெரியாத இடத்தில் சாப்பாடு, படகு, வழிகாட்டி என்று எல்லாம் ஒரே சீட்டில் அடங்கிவிடுகிறது, செலவும் குறைவு. இவை சின்ன வசதிகள் இல்லை.

அந்தப் பயணம் தவறுவது நேரத்தில். கழிமுகத்தின் வேலைநாள் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. காய்கறியும் பழமும் படகு மாறுவது, மீன் கரையேறுவது, சந்தை கூடுவது எல்லாம் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் வந்து இறங்குகிறவருக்கு மிஞ்சுவது பயணிகளுக்கென்றே நடத்தப்படுகிற காட்சிகள்தான். தென்வியட்நாமின் ‘தான் கா தை து’ இசையை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அது நிதானமாகக் கேட்க வேண்டிய இசை. பழத்தட்டுக்கும் அடுத்த படகுக்கும் நடுவில் இரண்டு பாட்டாகக் கேட்டால் கேட்ட கணக்கில் சேராது.

தஞ்சைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கலாம்: வயலும் வாய்க்காலும் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? நியாயமான கேள்வி. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கிறவர்களுக்கு அந்த ஊரின் தண்ணீர்க் கதை புதிது. அங்கே வாய்க்கால் இரண்டு பக்கமும் ஓடும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் கான் தோ நகரத்திலும் கடல் ஓதம் ஏறி இறங்குகிறது. படகுக்காரர் புறப்படும் நேரத்தை அந்த ஓதமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. மழைக்காலக் கடைசியில் மேலிருந்து வெள்ளம் வந்து வயல்களை மூடுகிறது. கோடையில் கடல் உப்பு ஆற்றில் ஏறிவருகிறது. 2016இலும் 2020இலும் அந்த உப்பு பயிரையும் குடிநீரையும் கடுமையாகப் பாதித்தது. வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் இந்த மண்ணில்தான் விளைகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு மாலையும் ஒரு விடியலுமாவது அங்கே இருந்தாக வேண்டும்.

அதற்கு ஏற்ற ஊர் கான் தோ. ஹோ சி மின் நகரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். 2010இல் ஹாவ் ஆற்றின் மேல் கான் தோ பாலம் வந்தது. 2023 கடைசியில் விரைவுச்சாலையும் அதுவரை நீண்டுவிட்டது. பேருந்தில் மூன்று முதல் நான்கு மணி நேரம். ஹோ சி மின் நகரின் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து நாள் முழுக்க வண்டி உண்டு.

கான் தோ என்றதும் எல்லோரும் கேட்பது காய் ராங் மிதக்கும் சந்தையைத்தான். அதைப் பற்றி நேராகப் பேசுவோம். பழைய புகைப்படங்களில் ஆற்றை அடைத்து நிற்கும் நூற்றுக்கணக்கான படகுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாலமும் சாலையும் வந்ததும் சரக்கு லாரிக்கு மாறிவிட்டது. கரைக்குச் சுவர் எழுப்பியதும் கரையோர வியாபாரத்தைக் கலைத்தது. வியாபாரிகள் பலர் நிலத்துக்கு ஏறிவிட்டார்கள். 2016இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவித்தும் படகுகள் குறைவது நிற்கவில்லை.

அப்படியும் போகத்தான் வேண்டும் என்பேன். மொத்த வியாபாரப் படகின் முகப்பில் ஒரு நீண்ட கழி நிற்கும். அன்னாசியோ பூசணியோ முட்டைக்கோசோ, விற்கிற சரக்கில் ஒன்றை அதில் கட்டித் தொங்கவிடுவார்கள். தூரத்திலிருந்தே என்ன படகு என்று தெரிந்துவிடும். கழியில் பனையோலை தொங்கினால் அந்தப் படகே விற்பனைக்கு. கொடியில் காயும் துணி மட்டும் வீட்டுத் துணி. அந்தக் குடும்பம் அதே படகில்தான் குடியிருக்கிறது. விளம்பரப் பலகை இல்லாமல் ஒரு சந்தை நடந்த விதத்தை இன்னும் கண்ணால் பார்க்க முடிகிற இடங்களில் இது ஒன்று. பத்து வருடம் கழித்துப் போகலாம் என்று ஒத்திப்போடக் கூடிய காட்சி இல்லை.

நின் கியூ படகுத்துறையிலிருந்து சந்தை ஆறு கிலோமீட்டர் போல. ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். நாற்பது பேர் ஏறும் பெரிய படகு வேண்டாம். சிறிய படகை முந்தின நாள் மாலையே பேசி, விலையையும், திரும்பும்போது சிறு வாய்க்கால்கள் வழியாக வர வேண்டும் என்பதையும் சொல்லி முடித்துவிடுங்கள். சந்தையைவிட அந்த வாய்க்கால் வழிதான் இந்தப் பயணத்தின் பெரிய லாபம். மிதவை உடுப்பு படகில் இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள்.

மூன்றாவது தேர்வு, கம்போடிய எல்லையோர சாவ் டொக். சாம் முஸ்லிம் குடியிருப்புகள், சாம் மலையடிவாரத்துப் பா சுவா சு அம்மன் கோவில், ட்ரா சு சதுப்புக் காடு என்று அங்கே பார்க்க நிறைய உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வெள்ளம் பரந்து நிற்கும்போது அந்தப் பகுதிக்கு நிகர் இல்லை. அதே மாநிலத்தில் ஓக் இயோ என்ற பழந்துறைமுக ஊர் அகழப்பட்டிருக்கிறது. இந்தியாவோடும் ரோமோடும் வாணிபம் செய்த ஊர். அங்கே கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழைய அம்மியில் மஞ்சள், இஞ்சி, கிராம்பு, சாதிக்காய், பட்டை ஆகியவற்றின் எச்சங்கள் இருந்ததாக 2023இல் ஆய்வு வெளியானது. நம் சமையலறைக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு தடயத்தை எந்த முகவரும் அட்டவணையில் சேர்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இருந்தும் நான்கு நாளுக்குக் குறைவாக இருந்தால் சாவ் டொக்கைத் தொட வேண்டாம். பாதி நேரம் சாலையில் போய்விடும். கம்போடியாவுக்கும் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. சாவ் டொக்கிலிருந்து புனோம் பென்னுக்கு விரைவுப் படகு இருக்கிறது. விமானத்தை விட்டு ஆற்று வழியே நாடு மாறுவது இந்தப் பகுதியில் செய்யக் கூடிய ஆகச் சிறந்த பயணம். வியட்நாமின் மின்விசா எடுக்கும்போது எந்த வாயிலில் நுழைவது, எதில் வெளியேறுவது என்று சரியாகக் குறிப்பிடுங்கள். மறுபடி வியட்நாமுக்குள் வருவதாக இருந்தால் பலமுறை நுழைவு விசாவே வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை டிசம்பரும் ஜனவரியும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நல்லது. டெட் புத்தாண்டு நாட்களில் மட்டும் போகாதீர்கள், சந்தையும் கடையும் அடைத்திருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கான் தோ தெருக்களிலேயே தண்ணீர் ஏறலாம். 2025 ஜூலை 1 முதல் மாநிலங்களை இணைத்துவிட்டதால், பழைய வழிகாட்டி நூல்களின் முகவரியை நம்ப வேண்டாம். பென் ட்ரே இப்போது வின் லாங்கில் சேர்ந்துவிட்டது. சைவ உணவுக்காரர்கள் ‘சாய்’ என்று எழுதிய பலகையைத் தேடிச் சாப்பிடுங்கள். மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பிலும் மீன்சாறு விழுந்திருக்கும்.

முடிவாக: கான் தோவில் இரண்டு இரவு என்பதே குறைந்தபட்சம். கம்போடியா சேர்ந்தால் சாவ் டொக்கில் இன்னொன்று. ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் தீவுச் சுற்றை விட்டுவிட்டு நேரே பென் ட்ரே போய், சைக்கிள் எடுத்துத் தென்னந்தோப்புப் பாதைகளில் சுற்றிவிட்டு வாருங்கள். மிதக்கும் சந்தையையும் அதே பகலில் காட்டுகிறோம் என்று சொல்லும் முகவரிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்.