பின்னட்டையில் ஒரு வரி

இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர் அரிது. ஆனால் தட்டு சுழலும் இருபது நிமிடமும் கேட்பவரின் கண் மேய்வது அந்தப் பக்கத்தில்தான்.

1948-ல் கொலம்பியா நிறுவனம் 12 அங்குல எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்ததும் ஓர் அடிச் சதுர அச்சு வெளி கிடைத்தது. பின்பக்கத்தை முதலில் பிடித்துக்கொண்டது எழுத்து. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) பின்னட்டைக் கட்டுரையை எழுதியவர், அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ். ஒருமுறை தீட்டிய கோட்டைத் திருத்தவே முடியாத ஜப்பானிய ஓவிய முறையோடு ஜாஸ் மனோதர்மத்தை அவர் ஒப்பிட்டார். அதே உறையின் தொடக்க அச்சுகளில் இரண்டாம் பக்கத்து உருப்படிகள் இரண்டின் பெயர்கள் முன்பின்னாக விழுந்துவிட்டன. சொற்களற்ற இசையில் வரிசை புரண்டால் ஒன்றை இன்னொன்றென்றே கேட்டுப் பழகிவிடுவோம். எழுத்துருவைத் தேர்வதற்கு முன்பே மெய்ப்புப் பார்ப்பதில் தொடங்குகிறது பின்னட்டை வடிவமைக்கும் கலை.

அறுபதுகளில் பின்பக்கமும் காட்சியானது. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) சிவப்புப் பின்னணியில் எல்லாப் பாடல் வரிகளையும் அச்சிட்டது. ‘அபே ரோட்’ (1969) முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. இரண்டையும் பின்னட்டைச் சுவரே சுமந்தது. இயன் மேக்மில்லன் அந்தச் சுவரைப் படமெடுக்கையில் நீல உடையில் ஒரு பெண் குறுக்கே கடந்துவிட்டார். மங்கலான அந்த நீலம் விழுந்த படமே உறைக்குத் தேர்வானது. பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) உறையில் ஹிப்னாசிஸ் வடிவமைப்புக் குழு, முன்பக்கத்து முப்பட்டகத்தில் பிரிந்த ஒளியைப் பின்பக்கத்தில் இன்னொரு முப்பட்டகத்துக்குள் திரும்பச் செலுத்தியது.

நம் கர்நாடக இசைத்தட்டுகளுக்கும் தனி மரபு உண்டு. கிருதி, ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர்கள் என்ற வரிசையைப் படித்தே ராகம் பழகிய ரசிகர்கள் உண்டு. திரையிசைத் தட்டுகளோ பாடகரையும் கவிஞரையும் சொல்லிவிட்டு, வாத்தியம் வாசித்தவர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

கேசட்டிலும் சி.டி.யிலும் இடம் சுருங்கியது. பட்டைக்குறி ஒரு மூலையை எடுத்துக்கொண்டது. இன்று கைப்பேசியில் கேட்கும் இசைக்குத் திருப்பிப் பார்க்கப் பின்பக்கமே கிடையாது. இருந்தும் இசைத்தட்டுகள் மறுபடி அச்சாகின்றன. அவற்றின் பின்னட்டையை வடிவமைப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அழகுக்கு வெற்றிடம் விடுங்கள், ஆனால் பெயர்களுக்கு இடம் கொடுத்தது போக மிஞ்சியதில் விடுங்கள்.

தற்செயலாகக் குறுக்கே நடந்த ஒருவரை உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் நினைவில் வைத்திருக்கிறது, ஒரு பின்னட்டையில் பதிந்ததால். நம் பாட்டின் இடையிசையில் குழல் ஊதியவருக்குப் பின்னட்டையில் ஒரு வரி போதும்.