வீட்டு வாசலுக்கு வரும் வேலையின் விலை

கர்ப்பிணியைப் பதிவு செய்வது, குழந்தையை நிறுத்து அட்டையில் குறிப்பது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, பிரசவித்த வீட்டுக்குப் போய்த் தாய்க்குக் காய்ச்சலா, பிள்ளை பால் குடிக்கிறதா என்று விசாரிப்பது: பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இந்த வேலை பெண்களுடையது. அதற்கு அரசு வைக்கும் மதிப்புதான் வேறு.

இலங்கையில் இதைச் செய்பவர் குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் மருத்துவ மாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியபோது அதன் அடித்தளமானவர் இவர்தான். முறையான பயிற்சி, நிரந்தர நியமனம், மாதச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் பிரிவுக்கு ஒருவர். திரிபோஷா சத்துமா யாருக்குத் தேவை, எந்தப் பிள்ளை எடை குறைந்தது என்பதெல்லாம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அவருடைய பதிவேட்டிலிருந்துதான் தெரியவரும். தாய் இறப்பைக் குறைத்ததில் இலங்கை வெகுகாலமாக முன்னிற்பதற்கு இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் காரணமாகச் சொல்வார்கள். அந்த மாதுகளின் சம்பளப் பட்டியலையும் நான் அவற்றோடு சேர்ப்பேன்.

இந்தியாவிலும் சம்பளம் பெறும் கிராம சுகாதாரச் செவிலியர் உண்டு. ஆனால் அவர் பார்க்க வேண்டியது சுமார் ஐயாயிரம் பேரை. வாசல்வரை போகும் வேலையைப் பெரும்பாலான மாநிலங்களில் 2005 முதல் ஆஷா எனப்படும் பெண்கள் சுமக்கிறார்கள். விதிப்படி அவர்கள் ஊழியர்கள் அல்ல, தன்னார்வலர்கள். கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் ஒரு தொகை, குழந்தைக்குத் தடுப்பூசிகள் முடிந்தால் ஒரு தொகை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிப் பணியாளர்களின் நிலையும் இதுவே: அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022இல். அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதோ 1975இல்!

இவ்வளவு மலிவாக ஆள் கிடைப்பது எப்படி? 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குக் கொடுத்தது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. வீட்டுக்குள் காசில்லாமல் நடப்பதை வெளியே அரைக்காசுக்கு வாங்கலாம் என்று அரசும் நினைத்துக்கொள்கிறது.

இலங்கை அரசும் எல்லாப் பராமரிப்பையும் இப்படி மதிப்பதில்லை. முன்பள்ளி ஆசிரியைகள் சொற்பக் கொடுப்பனவில்தான் காலம் தள்ளுகிறார்கள். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் தாய்மாரிடம் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் பயணமில்லை. தகப்பன்மாரிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை. 2022இல் நாடு டொலருக்குத் தவித்தபோது அந்த ஐந்து வயது இரண்டானது. மருத்துவ மாதுக்குச் சம்பளம் கொடுக்கத் தெரிந்த நாடு, அவருடைய ஒவ்வொரு பிரிவிலும் சம்பளமுள்ள ஆட்களோடு பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றை நடத்தலாம். வளைகுடாவுக்குப் போன தாய்மார் அனுப்பும் பணத்தால் நின்ற நாடு அது.